மாமா வண்டித் துணியைத் துவைப்பது எப்படி? (அறிவியல் பகுதி)

போன இதழில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் விண்வெளியைப் பற்றி அழகாக எழுதியிருந்தார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்க வீட்டுக் கொடியில் தொங்குகிற ஒரு துணியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. கடைசி வரை படிச்சுட்டு அப்புறம் சிரிங்க.

எங்க தாய்மாமா கார் ஓட்டுகிறார். வண்டி அவருடையது இல்லை, ஓனர் வேற ஒருத்தர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலைக்கு சவாரி வரும். வெள்ளிமலை, கரியாலூர், பெரியார் நீர்வீழ்ச்சி எல்லாம் சுத்திட்டு இறங்கும்போது வண்டி முழுக்கச் செம்மண். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கும் இதே வண்டிதான். அதனால ராத்திரி மலைச் சேறு, காலையில் மல்லிகைப்பூ அலங்காரம். நடுவுல இருக்கிற நாலு மணி நேரத்தில் வண்டியைக் கழுவித் துடைச்சு பளபளன்னு நிறுத்தணும். அதுவும் கறுப்பு வண்டி. கறுப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தாலும் தெரியும்.

இதுக்காக மாமா தடிமனாக, நாய்க்குட்டி முதுகு மாதிரி மெத்து மெத்துன்னு இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கி வச்சிருந்தார். ஒரு சனிக்கிழமை மாமாவுக்கு உதவி பண்ணலாம்னு நானே அதை எடுத்துத் துவைத்தேன். என் யூனிஃபார்ம், அம்மாவின் பூத்துண்டு எல்லாத்தோடும் ஒரே டப்பில் ஊறப் போட்டேன். போர் தண்ணி, பார் சோப்பு, நல்ல தேய்ப்பு. கடைசியில், துணி மணக்கணும்னு கண்டிஷனர் ஒரு மூடி ஊற்றி அலசினேன். கொடியில் இடமில்லை. வேலிமேல் நல்ல வெயிலில் விரித்தேன். சாயங்காலம் மடித்து வண்டியில் வைத்துவிட்டேன். மாமா மோந்து பார்த்து, "என்னடா, துணி கல்யாண வீடு மாதிரி மணக்குது"ன்னு சிரிச்சார்.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு முகூர்த்த சவாரி. வண்டியைக் கழுவிட்டுத் துடைத்தால் தண்ணி துணிக்குள் ஏறவே இல்லை. முன்னால் தள்ளிக்கொண்டே போகுது. சின்னச் சின்ன முத்தா உருண்டு நிற்குது. நேரமாகுதேன்னு மாமா அழுத்தித் துடைத்தார். பானெட்டில் 'சர்ர்'ன்னு ஒரு சத்தம். வேலியிலிருந்து ஒட்டிக்கொண்ட முள் நுனி ஒன்று துணிக்குள் மறைந்திருந்திருக்கிறது. நீளமாக ஒரு கோடு, அதன் பக்கத்தில் மணல் இழுத்த சின்னக் கோடுகள். ஓனர் பார்த்துவிட்டு மூணு நாள் பேட்டாவைப் பிடிச்சுக்கிட்டார். மாமா என்னைத் திட்டவில்லை. "நீ வேணும்னா பண்ணினே, விடுறா"ன்னு மட்டும் சொன்னார். அடிச்சிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

இதை எங்க வேதியியல் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "துணி ஏன் தண்ணியைக் குடிக்கல? அதைக் கண்டுபிடி. எழுது" என்றார். அப்படி வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மைக்ரோஃபைபர் என்றால் என்ன என்று பார்ப்போம். நூல் இழையின் பருமனை 'டெனியர்' என்ற அளவில் சொல்வார்கள். 9000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். 9000 மீட்டர்னா 9 கிலோமீட்டர். நம்ம ஊரிலிருந்து தியாகதுருகம் போகிற வழியில் பாதிக்கு மேல். அவ்வளவு நீளத்துக்கும் எடை 1 கிராம்தான்! பட்டுப்பூச்சியின் ஒற்றை இழை ஏறக்குறைய இந்த அளவு. நம் தலைமுடி 20 டெனியருக்கும் மேலே. ஒரு டெனியருக்கும் குறைவான இழைதான் மைக்ரோஃபைபர்.

1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி இப்படிப்பட்ட மிக நுண்ணிய இழையை உருவாக்கினார். அது முதலில் வண்டி துடைக்க வரவில்லை. மான்தோல் போன்ற மிருதுவான செயற்கைத் துணி செய்யத்தான் பயன்பட்டது. துடைக்கிற துணியெல்லாம் பிறகு வந்தது.

நம்ம கார் துணியில் இருப்பது இரண்டு பொருள். ஒன்று பாலியெஸ்டர், மற்றொன்று பாலியமைடு, அதாவது நைலான். அட்டையில் 80:20 அல்லது 70:30 என்று போட்டிருப்பது இந்தக் கலவையைத்தான். பெரிய எண் பாலியெஸ்டர். இரண்டையும் சேர்த்து ஒரே இழையாக இழுத்து, பிறகு அந்த இழையை நீளவாக்கில் பிளக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் சுளை சுளையாகத் தெரியும் இல்லையா? அதே மாதிரி பிளந்த இழையிலும் பாலியெஸ்டர் சுளையாகவும், நைலான் சுளைகளுக்கு நடுவில் உள்ள தோலாகவும் இருக்கும். (ஓரத்தில் பென்சிலால் வரைந்திருக்கிறேன். ஆரஞ்சு மாதிரி தெரியவில்லை என்றால் மன்னிக்கவும்.)

இப்போது ஒரு வேடிக்கை. பாலியெஸ்டருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. சாதாரணக் காற்றில் வைத்தால் தன் எடையில் 100க்கு 0.4 பங்கு ஈரம்தான் ஏற்கும். நைலான் 4 பங்கு. நம்ம பருத்தியோ ஏறக்குறைய எட்டரை பங்கு. அப்படியானால் பருத்தித் துண்டுதானே நன்றாகத் துடைக்க வேண்டும்? இங்கேதான் நான் ரொம்ப நேரம் முட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் புரிந்தது. மைக்ரோஃபைபரில் இழை தண்ணியைக் குடிப்பதில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவில் உள்ள சந்துதான் குடிக்கிறது. இயற்பியலில் நுண்புழை ஏற்றம் படித்தோமே, மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக மேலே ஏறுமே, அதேதான். குழாயின் ஆரம் குறையக் குறைய ஏற்றம் அதிகம். பிளந்த இழைகளுக்கு நடுவே லட்சக்கணக்கில் மெல்லிய சந்துகள். ஒவ்வொன்றும் ஒரு குழாய்.

ஆனால் அந்தப் பாடத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. கண்ணாடியில் தண்ணீர் ஒட்டுவதால்தான் ஏறுகிறது. குழாயின் உள்ளே மெழுகு தடவிவிட்டால் ஏறாது, இறங்கும். நான் செய்தது அதுதான்! என் கையாலேயே லட்சக்கணக்கான குழாய்களுக்கு மெழுகு தடவியிருக்கிறேன்.

எப்படி? கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுக்கு நேர்மின் தலையும், நீளமான கொழுப்பு வாலும் உண்டு. தலை துணி இழையைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்தான் கையில் வழுவழுன்னு, மிருதுவாகத் தெரிவது. சட்டைக்கு அது நல்லது. ஆனால் கொழுப்புக்கும் தண்ணிக்கும் ஆகாதே. தண்ணீர் முத்தாக உருண்டு நின்றதன் காரணம் இதுவே. துணி மணத்தது, ஆனால் வேலை செய்யவில்லை.

அடுத்த குற்றவாளி நம்ம போர் தண்ணி. கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கும் என்று எல்லாரும் படித்திருக்கிறோம். பார் சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் போட்டால் சோடியம் போய், கால்சியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது தண்ணியில் கரையாது. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படியுமே, விரலால் வழித்தால் பிசுபிசுன்னு வருமே, அந்தக் கசடுதான். அந்தக் கசடு பக்கெட்டில் மட்டுமா படியும்? துணியின் சந்துகளிலும் போய் அடைக்கும். சலவைத்தூளிலும் திரவச் சோப்பிலும் உள்ள டிடர்ஜென்ட் இந்த மாதிரி கசடு ஆவதில்லை. மைக்ரோஃபைபருக்குப் பார் சோப்பு வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

இதை நாங்கள் சோதித்தும் பார்த்தோம். என் வகுப்பில் வெள்ளிமலைப் பக்கத்து நண்பன் ஒருவன் இருக்கிறான், விடுதியில் தங்கிப் படிக்கிறான். "எங்க ஊர் ஓடைத் தண்ணியில சோப்பு போட்டா நுரை போகவே போகாதுடா, இங்க நுரையே வரமாட்டேங்குது"ன்னு எப்பவும் சொல்லுவான். விடுமுறைக்குப் போனபோது ஒரு பாட்டிலில் ஓடைத் தண்ணி கொண்டுவந்தான். மூன்று சோதனைக் குழாய். ஒன்றில் ஓடைத் தண்ணி, ஒன்றில் எங்க வீட்டு போர் தண்ணி, ஒன்றில் பிடித்து வைத்த மழைத்தண்ணி. ஒவ்வொன்றிலும் அதே அளவு சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினோம். மழைத்தண்ணியில் நுரை விரல்கடை உயரம் நின்றது. ஓடைத் தண்ணியில் கொஞ்சம் குறைவு. போர் தண்ணியில் நுரைக்குப் பதிலாக வெள்ளைத் தயிர் மாதிரி திரிந்து மிதந்தது. நண்பன் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், கல்வராயன் மலையே அவனுடையது மாதிரி!

வண்டியைக் கழுவியதும் ஏன் உடனே துடைக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், வெயிலில் காயும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சுண்ணாம்புக் கல்லும் அதுவும் ஒரே பொருள்தான். கறுப்பு வண்டியில் அம்மை போட்ட மாதிரி தெரியும். மாமா எப்பவும் வண்டியை மரத்தடியில் நிறுத்தித்தான் கழுவுவார். அனுபவத்தில் செய்ததற்கு எனக்கு இப்பதான் காரணம் தெரிகிறது.

சரி, கோடு எப்படி விழுந்தது? துணி மிருதுதான். ஆனால் மணல் மிருது இல்லையே. மணலில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. ஜன்னல் கண்ணாடியே ஐந்தரைதான். வண்டியின் பெயின்ட் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு அதைவிட ரொம்பவே மெத்தனம். பிளந்த இழைக்கு விளிம்புகள் உண்டு என்பதால் தூசியைக் கவ்விப் பிடிக்கும், அதுதான் அதன் பெருமை. கவ்விய மணலைத் துவைத்து வெளியேற்றாமல் மறுபடி தேய்த்தால் அது உப்புத்தாள். என் யூனிஃபார்மிலிருந்தும் பூத்துண்டிலிருந்தும் வந்த பருத்திப் பஞ்சையும் அந்தத் துணி கவ்வியிருந்தது. ஒவ்வொரு பஞ்சாக அம்மா ஊக்கால் எடுத்தார்.

வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம், "இது வர்றதுக்கு முன்னாடி எதுல துடைப்பீங்க?" என்று கேட்டேன். தூசிக்கு மஞ்சத் துணி, எண்ணெய், கிரீஸுக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட், ஈரத்துக்கு ஷாமி என்று சொன்னார். ஷாமி என்பது பதப்படுத்திய ஆட்டுத்தோல். அம்பாசிடர் காலத்து டிரைவர்களுக்கு அதுதான் உசிர். நன்றாகத் தண்ணி இழுக்கும், ஆனால் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். மேலும் அது தட்டையானது. அடியில் ஒரு மணல் சிக்கினால் ஒதுங்க இடமில்லை, நேரே பெயின்ட்டில் இழுக்கும். மைக்ரோஃபைபரில் தூக்கி நிற்கும் இழைகளுக்குள் மணல் அமுங்கிக்கொள்ளும். அதற்காகக் கவலையில்லாமல் தேய்க்கலாம் என்று அர்த்தமில்லை, என் கதையே சாட்சி. பனியன் வேஸ்ட் இன்றைக்கும் எஞ்சினுக்கு ராஜா. நல்ல துணியைக் கிரீஸில் நனைத்தால் அதோடு முடிந்தது.

இனி துவைக்கிற முறைக்கு வருகிறேன். உங்கள் அப்பா, மாமா, அண்ணன் யாராவது டிரைவராக இருந்தால் இந்தப் பகுதியை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் துணியை வெளியே கொண்டுபோய் உதறணும். பிறகு ஓடுகிற தண்ணியில் சும்மா அலசணும், சோப்பு இல்லாமல். பாதி மணல் இதிலேயே போய்விடும். அடுத்து ஒரு பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணி. கையை விட்டால் பொறுக்கிற சூடு போதும், அது ஏறக்குறைய 40 டிகிரி. ஒரு சின்ன ஸ்பூன் சலவைத்தூளை முழுசாகக் கரைத்த பிறகுதான் துணியைப் போட வேண்டும். கரையாத தூள் துணிக்குள் போனால் அதுவும் ஒரு மணல்தான். அரைமணி நேரம் ஊறட்டும். பிறகு பிசைந்து பிசைந்து எடுக்கணும். கல்லில் அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது. சப்பாத்தி மாவு பிசைவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலசும்போது தண்ணியில் நுரை நிற்கிற வரைக்கும் அலசணும், மூணு தடவை, நாலு தடவை கூட ஆகும். முறுக்காமல் அழுத்திப் பிழியணும்.

மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் அரை பக்கெட் தண்ணியில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிடம் முக்கி, மறுபடி அலசினால் கால்சியம் படிவு கரைந்துவிடும். வினிகர் அசிட்டிக் அமிலம் கலந்த நீர், சுண்ணாம்பு வகையைக் கரைக்கும். ஒரு எச்சரிக்கை! வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளிவரும், மூச்சுக்கு ஆபத்து. பிளீச்சிங் இந்தத் துணிக்கு எப்படியும் ஆகாது, நைலானைக் கெடுக்கும்.

காயப்போடுவது நிழலில், கொடியில். வெயில் நைலானை மெல்ல மெல்லக் கெடுக்கும். வேலி, புல்தரை, மாடிச் சுவர் எதுவும் வேண்டாம் (என்னிடம் கேளுங்கள்). அதே சமயம் ஈரத்தோடு டிக்கியில் சுருட்டி வைக்கவும் கூடாது, நாற்றம் பிடிக்கும். கொதிக்கிற தண்ணி வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேணும்தான். ஆனால் 70, 80 டிகிரியிலேயே உள்ளுக்குள் இளக ஆரம்பிக்கும். பருத்திக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு 200 டிகிரி வரை போகும். அதில் இழை நுனிகள் நசுங்கி விறைத்துவிடும். பிறகு அது துடைப்பதற்கு இல்லை, கீறுவதற்குத்தான்.

துணியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். அதிலும் சக்கரம் துடைத்ததையும், பாடி துடைப்பதையும் ஒன்றாகப் போடக் கூடாது. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் சக்கரத் துணியில் இருக்கும். எங்க வீட்டில் இப்போது சக்கரத் துணிக்கு மூலையில் சிவப்பு நூல் தைத்திருக்கிறோம். புதுத் துணியையும் ஒரு தடவை தனியாக அலசிவிட்டுத்தான் வண்டியில் வைக்க வேண்டும், சாயமும் உதிர் பஞ்சும் போகும்.

துடைக்கும்போது துணியை விரித்துப் போட்டு, இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தாலே போதும். துணி தானாகக் குடிக்கும். அழுத்தினால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டால் சொல்வார். தரையில் விழுந்த துணியை, அது ஒரு நொடி விழுந்திருந்தாலும், மறுபடி துவைக்காமல் பாடியில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம். இந்தத் துணி துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத்துகள் தண்ணியில் போகிறது. அது பிளாஸ்டிக். மக்காது. ரிச்சர்ட் தாம்சன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 2004இல் கடல் மணலில் இப்படிப்பட்ட நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைக் கண்டு எழுதினார்கள். கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து, மணிமுத்தாறு, வெள்ளாறு என்று சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. ஆற்றிலேயே வண்டியை இறக்கிக் கழுவுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாங்கள் இப்போது துவைத்த தண்ணியைப் பழைய வேட்டித்துணியில் வடிகட்டி ஊற்றுகிறோம். வேட்டியில் சாம்பல் நிறப் பஞ்சு படிகிறது. காய்ந்ததும் வழித்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம். எல்லாம் நிற்காது, ரொம்ப நுண்ணியது தப்பித்துவிடும். ஆனால் அந்தச் சாம்பல் பஞ்சைப் பார்த்த பிறகு நேரே சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.

கெட்டுப்போன அந்த இரண்டு துணியும் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி தண்ணி ஊற்றி, துணியின் ஒரு மூலையை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் பரிசோதனை. முதல் நாள் தண்ணி அசையவில்லை. மேலே சொன்ன முறையில் ஒரு தடவை துவைத்த பிறகும் பாதி நின்றது. இரண்டாம் தடவை வினிகரும் சேர்த்தேன். மூன்றாம் தடவை, மூலையை வைத்த உடனே தண்ணி துணிக்குள் ஓடி, தட்டு காய்ந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

முள் இருந்த துணியை மட்டும் சக்கரத்துக்கு ஒதுக்கினோம். வெளிச்சத்தில் விரித்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை. ஆனாலும் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குக் கை நடுங்கும்டா" என்றார்.

பானெட்டில் இருந்த மணல் கோடுகளைப் பாலிஷ் போடுகிற இடத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்கான பணத்தில் பாதி என் உண்டியல். முள் இழுத்த நீளக் கோடு மட்டும் ஆழம், போகவில்லை. போன முகூர்த்தத்தில் மண்டப வாசலில் வண்டி நின்றபோது பூ அலங்காரக்காரர் சரியாக அந்தக் கோட்டின் மேலே மல்லிகைச் சரத்தை ஒட்டியிருந்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு ராத்திரி இரண்டு துணியையும் என் கையில் கொடுத்து, "சார், துவைச்சுக் கொடுங்க" என்றார். சிவப்பு நூல் துணியைத் தனியாக எடுத்து வைத்தேன்.